கர்ப்பப்பையை எடுக்காமல் வாயை மட்டும் எடுக்க முடியுமா?

கேள்வி: எனக்கு 29 வயது. அம்பாசமுத்திரம் பக்கம். கல்யாணமாகி 3 வருஷம், ஒரு தடவை கரு கலைந்துவிட்டது. வீட்டுக்காரரோடு சேர்ந்தால் ரத்தம் படுகிறதென்று காட்டியதில், கர்ப்பப்பை வாயில் ஆரம்ப நிலைப் புற்றுநோய் என்றார்கள். பயாப்சியில் ஸ்குவாமஸ் வகை, எம்.ஆர்.ஐ.யில் 1.4 செ.மீ. கர்ப்பப்பையை எடுக்கச் சொல்கிறார்கள். 'உயிர் இருந்தாப் போதும், எடுத்துருவோம்' என்கிறார் அத்தை. 'ஒரு பிள்ளையாவது வேணும்லா' என்று அழுகிறாள் அம்மா. வேறு வழி உண்டா?

பதில்: உண்டு, தங்கச்சி. கையெழுத்துப் போடுமுன் இதைக் கேட்டீர்களே, அதுவே பெரிய விஷயம்.

உங்கள் ஆச்சி இடுப்பில் செருகியிருக்கும் சுருக்குப்பையை நினைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை வளர்வது பைக்குள். நோய் இருப்பது அதன் கழுத்தில், அதாவது கர்ப்பப்பை வாயில். கட்டி 2 செ.மீ.க்குள் இருந்து, நெறிக்கட்டிகளுக்கு (நிணநீர் முடிச்சுகளுக்கு) பரவாமல் இருந்தால், கழுத்தையும் அதைச் சுற்றிய திசுவையும் மட்டும் எடுத்துவிட்டு, பையை யோனியோடு சேர்த்துத் தைக்கலாம். இதற்கு ராடிகல் டிராக்கெலெக்டமி என்று பெயர். பிரான்ஸின் லியோன் நகரில் டேனியல் டார்ஜான் 1987இல் தொடங்கிய முறை. கட்டியாகத் தெரியாமல், 3 மி.மீ. ஆழத்துக்குள், ரத்த, நிணநீர்க் குழாய்களில் நுழையாமல் இருந்தால் இவ்வளவுகூட வேண்டாம். கூம்பு வடிவில் வெட்டியெடுத்து, ஓரங்களில் நோய் இல்லையென்றால் போதும். உங்களுடையது அந்த அளவைத் தாண்டிவிட்டது.

1.4 என்பது நம்பிக்கை தரும் எண். ஆனால் அது மட்டும் போதாது. கட்டி மேலே கர்ப்பப்பையின் உள்வாயை, அதாவது கழுத்து பையோடு சேரும் இடத்தை, எட்டிவிட்டதா, எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று எம்.ஆர்.ஐ. பார்த்தவரிடம் குறிப்பாகக் கேளுங்கள். ஸ்குவாமஸ் வகை இதற்கு ஏற்றதுதான். வேகமாகப் பரவும் நியூரோஎண்டோகிரைன் வகை என்றால் நானே வேண்டாம் என்பேன்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆபரேஷனின்போதே நெறிக்கட்டிகளை எடுத்துச் சோதிப்பார்கள். அதில் நோய் இருந்தால் திட்டம் மாறும். கீமோவும் கரண்ட் வைப்பதும் (கதிர்வீச்சு சிகிச்சை) வேண்டிவரும். கரண்ட் வைத்தால் கர்ப்பப்பையும் சினைப்பையும் கெடும். அதனால் கருமுட்டையைச் சேமிப்பது பற்றி முன்கூட்டியே பேசிவிடுங்கள். ஊசி போட்டு முட்டை எடுக்க சுமார் இரண்டு வாரம் ஆகும். இந்த நிலையில் அந்த இரண்டு வாரம் பொறுக்கலாம். மாதக்கணக்கில் தள்ளிப்போடக் கூடாது.

'சின்ன ஓட்டை போட்டே செய்யலாம்' என்றால் நிதானியுங்கள். இந்த நோய்க்கு லேப்ராஸ்கோபியில் கர்ப்பப்பையை எடுத்தவர்களுக்கு, வயிற்றைத் திறந்து செய்தவர்களைவிட அதிகமாக நோய் திரும்பியதை 2018இல் ஒரு பெரிய ஆய்வு காட்டியது. அது இந்த ஆபரேஷனைப் பற்றிய ஆய்வு அல்ல. ஆனாலும் அந்தக் கேள்வியைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

பிறகு கர்ப்பம்? ஆறு மாதம் முதல் ஒரு வருஷம் பொறுக்கச் சொல்வோம். கழுத்தை எடுத்த இடத்தில் பையைச் சுருக்கி நூல் ஒன்று போட்டிருப்போம். சுருக்குப்பைக் கயிறு மாதிரி, பிள்ளையைத் தாங்குவது அதுதான். அப்படியும் குறைமாதத்தில் பிறக்க வாய்ப்பு அதிகம். பிரசவம் சிசேரியன்தான், வலி வரும்வரை விடக்கூடாது. வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்குப் போகிறபோது, குறைமாதக் குழந்தையைக் கவனிக்கும் வசதியுள்ள ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் என்பதைப் பார்த்துவிட்டுப் போங்கள். அத்தை பயப்படுவது நியாயம். நெறிக்கட்டி சுத்தமாக இருந்து சரியாகத் தேர்ந்து செய்தால், நோய் திரும்புவது இதில் குறைவுதான் என்று அவருக்குச் சொல்லுங்கள். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது அவரையும் கூட்டிப் போங்கள்.

இதை எல்லா ஊரிலும் செய்வதில்லை. பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் ஆலோசனை கேட்டுவிட்டு, நெல்லை எக்ஸ்பிரஸ் பிடித்து அடையாறு புற்றுநோய் நிலையத்திலும் காட்டிவிடலாம். ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது. பயாப்சி செய்த லேபில் கண்ணாடி ஸ்லைடுகளையும், உங்கள் சதைத் துணுக்கு பதிந்திருக்கும் கட்டைவிரல் அளவு மெழுகுக் கட்டியையும் எழுதிக் கொடுத்து வாங்குங்கள். 'பிளாக் வேணும்' என்றாலே அவர்களுக்குப் புரியும். வெயிலில் உருகிவிடாமல் கைப்பைக்குள் வைத்து எடுத்துப் போங்கள்.