புதிய கதீற்றர் சிகிச்சை சரியாகச் சோதிக்கப்பட்டதா?

உங்கள் தந்தையாருக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் எனப்படும் ஒழுங்கற்ற இதயத்துடிப்பு இருப்பதாகவும், கதீற்றர் எனும் மெல்லிய குழாயை இதயத்துக்குள் செலுத்தி மின்துடிப்பைக் கொண்டு செய்யப்படும் புதிய முறை போதிய அளவு சோதிக்கப்பட்டதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் வைத்தியர் அல்லன். திருகோணமலை உவர்மலையில் வசிக்கும் ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியன். இதே நோய்க்காக ஆறு ஆண்டுகளாக குருதி உறைவதைத் தடுக்கும் வாபரின் குளிசை எடுத்துவருபவன்.

இந்தத் துடிப்புகளைத் தூண்டும் மின்தூண்டல்கள் பெரும்பாலும் சுவாசப்பையிலிருந்து இதயத்துக்குக் குருதி கொண்டுவரும் நாளங்களின் வாயிலிருந்து எழுகின்றன என்பதை 1998இல் பிரான்சின் போர்தோ நகர வைத்தியர்கள் காட்டினார்கள். அந்த வாயைச் சுற்றியுள்ள தசையை வெப்பத்தாலோ கடுங்குளிராலோ செயலிழக்கச் செய்வது பழைய முறை. அருகிலுள்ள உணவுக்குழாயும் நரம்பும் அதில் பாதிக்கப்படலாம் என்பதால், இதயத்தசையையே பெரிதும் தாக்கும் குறுகிய மின்துடிப்பு முறை வந்தது.

2023இல் வெளியான அட்வென்ட் ஆய்வில் அமெரிக்காவில் 607 நோயாளர்களைக் குலுக்கல் முறையில் பிரித்துச் சிகிச்சை அளித்தார்கள். ஓராண்டின் பின் புதிய முறையில் 73.3 சதவீதத்தினரும் பழைய முறையில் 71.3 சதவீதத்தினரும் வெற்றி கண்டனர். இதன் பொருள் புதியது பழையதற்குக் குறைந்ததன்று என்பதே, மேலானது என்பதல்ல. செய்திகளை வாசிப்பவர்கள் இந்த வேறுபாட்டைத் தவறவிடுவது எனக்கு உண்மையிலேயே கவலை தருகிறது.

நான் பெரிதும் மதிப்பது 2024இல் வெளியான பிரித்தானிய ஆய்வொன்றை. 126 பேருக்குத் தோலின் கீழ் துடிப்புப் பதிவுக் கருவியைப் பொருத்தி, ஒரு சாராருக்குக் குளிர்பலூன் சிகிச்சையையும் (மேலே சொன்ன பழைய கடுங்குளிர் முறை) மறுசாராருக்கு மயக்கம் கொடுத்துச் சிகிச்சை போன்ற பாவனையை மட்டும் செய்தார்கள். தமக்கு எது நடந்ததென்று நோயாளர்களுக்குத் தெரியாது. ஆறு மாதத்தில் ஒழுங்கற்ற துடிப்பு நீடிக்கும் நேரம் சிகிச்சை பெற்றோரில் ஏறத்தாழ 60 சதவீதமும், பாவனைச் சிகிச்சை பெற்றோரில் 35 சதவீதமும் குறைந்தது. சிகிச்சை பெற்றோரின் வாழ்க்கைத்தரமும் மேம்பட்டது. ஆகவே பலன் வெறும் நம்பிக்கையால் வந்ததன்று என்று துணிந்து சொல்லலாம். ஆயினும் ஒப்பிட ஆளில்லாத ஆய்வொன்று அந்த 35ஐயும் சிகிச்சையின் கணக்கிலேயே எழுதியிருக்கும்.

எனவே தந்தையாரின் வைத்தியரிடம், அவருடைய நிலைக்கு எந்த முறை, அதை அவர் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார், மீண்டும் செய்ய நேருமா என்று கேளுங்கள். துடிப்பு சீரானாலும் குருதி உறையாமைக்கான குளிசையைத் தாமாக நிறுத்த வேண்டாம். அதைத் தீர்மானிப்பது தந்தையாரின் வயது, உயர் குருதியமுக்கம், நீரிழிவு போன்ற பக்கவாத ஆபத்துகளே.