ஃப்ரோசன் இறக்குமதிக் கறிக்கு மாறினால் ஆன்டிபயாடிக் பயம் தீருமா?

வேளச்சேரியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "என் இரண்டு வயதுப் பையனுக்கு வாராவாரம் சிக்கன் கொடுக்கிறேன். பிராய்லரில் ஆன்டிபயாடிக் கலந்திருக்கும் என்கிறார்கள். சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்கும் வெளிநாட்டு ஃப்ரோசன் கறிக்கு மாறிவிடலாமா?"

இந்தக் காரணத்துக்காக மாற வேண்டாம். அந்தக் காசை வேறு எதற்காவது வைத்துக்கொள்ளுங்கள்.

ஹார்மோன் ஊசி என்று ஒரு பேச்சு சுற்றுகிறதே, அதை முதலில் விடுங்கள். நாற்பது நாளில் கோழி இரண்டு கிலோ வருவது இனத் தேர்வாலும் தீவனத்தாலும்தான். ஆனால் ஆன்டிபயாடிக் கதை பொய்யில்லை. ஆயிரக்கணக்கான கோழிகள் நெருங்கி நிற்கும் கொட்டகையில் நாலு கோழிக்குச் சளி வந்தாலே மொத்தக் கூட்டத்துக்கும் குடிதண்ணீரில் மருந்து கலந்துவிடுவார்கள், நோயே இல்லாமல் வளர்ச்சிக்காகத் தீவனத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்கும் வழக்கமும் இருந்திருக்கிறது.

இதில் இரண்டு ஆபத்துகள் உண்டு. ஒன்று, கறியில் தங்கும் மருந்து எச்சம். மருந்தை நிறுத்திச் சில நாள் கழித்துத்தான் அறுக்க வேண்டும் என்பது விதி. அதைப் பின்பற்றினால் எச்சம் வரம்புக்குள் வந்துவிடும். பின்பற்றாவிட்டால் சமைத்தும் முழுதாகப் போகாது, என்ரோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாடிக்குகள் அடுப்புச் சூட்டைத் தாங்குபவை. பொதுவாக எச்சம் ஈரலில்தான் அதிகம் தங்கும். பிள்ளைக்கு ரத்தம் ஊறட்டும் என்று நம் வீடுகளில் ஈரலை அடிக்கடி ஊட்டுவோம் இல்லையா, அதை எப்போதாவது என்று குறைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவதுதான் எனக்கு உண்மையில் கவலை தருவது: மருந்துக்குப் பழகி அடங்காமல் போன கிருமிகள். கோலிஸ்டின் என்பது ஐசியுவில் வேறு எதுவும் கேட்காதபோது எடுக்கும் கடைசி மருந்து. அதைக் கோழிக்கும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள், 2019 ஜூலையில்தான் இந்திய அரசு தடை செய்தது. மருந்து கேட்காத கிருமிகளைப் பற்றி 2012-லேயே இதே ஊரில் மருத்துவர்கள் கூடி 'சென்னைப் பிரகடனம்' வெளியிட்டிருந்தார்கள் என்பதை நினைத்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது.

சரி, வெளிநாட்டுக் கறி? ஐரோப்பிய ஒன்றியம் வளர்ச்சிக்காக ஆன்டிபயாடிக் கொடுப்பதை 2006-லேயே நிறுத்தியது. மனித மருத்துவத்துக்கு முக்கியமான மருந்துகளை அதற்குப் பயன்படுத்துவதை அமெரிக்கா 2017-ல் நிறுத்தியது. நோய்க்குக் கொடுப்பது இரண்டு இடத்திலும் உண்டு. எல்லா நாட்டிலும் விதி ஒன்று போல் இல்லை, அதனால் 'இம்போர்ட்டட்' என்ற ஒரு சொல்லை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. ஃப்ரீசரில் கிருமி சாகாது, தூங்கும், அவ்வளவுதான். அப்புறம், 'ஆன்டிபயாடிக் எச்சம் இல்லாதது' என்று பாக்கெட்டில் போட்டிருந்தால் மருந்தே கொடுக்காமல் வளர்த்தது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நாட்டுக்கோழிக்கும் மருந்து கொடுப்பவர்கள் இருக்கிறார்கள்.

உங்கள் சமையலறையில் கவனமாக இருந்தால் இறக்குமதி பாக்கெட்டைவிட அதிகப் பலன் கிடைக்கும். மருந்து கேட்காத கிருமியும் சூட்டில் சாகும், உள்சதை 74 டிகிரி செல்சியஸ் தொட்டால் போதும். நம் குழம்பு கொதிக்கிற கொதியில் அது தானாக நடந்துவிடும். ஆபத்து அதற்கு முன்னால்தான். குழாயடியில் கறியைப் போட்டு மஞ்சள், கல்லுப்பு தேய்த்து அலசும்போது தண்ணீர் தெறித்துப் பக்கத்தில் இருக்கும் தக்காளி, பையனின் தட்டு எல்லாவற்றிலும் கிருமி ஏறுகிறது. மஞ்சள் மருந்தையும் எடுக்காது, கிருமியையும் முழுதாகக் கொல்லாது. அலசாமல் மனசு கேட்காது என்றால் அகலப் பாத்திரத்தில் தண்ணீர் வைத்து மெதுவாக முக்கி எடுங்கள், பிறகு தொட்டியைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கறி வெட்டிய கத்தியும் பலகையும் காய்கறிப் பக்கமே போகக் கூடாது.

கடையை மாற்றுவதென்றால் உணவுப் பாதுகாப்பு உரிமம் மாட்டியிருக்கிற, கண்ணெதிரே சுத்தமாக அறுத்துத் தருகிற கடையாகப் பார்த்து மாற்றுங்கள். எந்தப் பண்ணைக் கோழி என்று கேளுங்கள், மருந்து நிறுத்திய பிறகு எத்தனை நாள் விட்டார்கள் என்றும் கேளுங்கள். பதில் தெரியாது என்றாலும் பரவாயில்லை, நாலு பேர் கேட்டால் கடைக்காரர் சப்ளையரிடம் கேட்பார்.