மலைச்சரிவில் ஒரு பழைய கல்வீடு: வாசகர் கேள்வி, பொறியாளர் பதில்

கேள்வி: மலை நகரம் ஒன்றிலிருந்து அரை மணி நேரப் பயணத்தில், சரிவில் தனியாக நிற்கும் ஒரு பழைய கல்வீடு விற்பனைக்கு வந்திருக்கிறது. நூறு வயதைத் தாண்டியது. ஓட்டுக் கூரை, மரப் படிக்கட்டு, ஒரு ஆள் காலை நீட்டி உட்காரும் அளவுக்கு ஆழமான ஜன்னல் திண்டு. அந்தத் திண்டில் உட்கார்ந்த நிமிடமே என் மனைவி முடிவு செய்துவிட்டார். சுவரின் அடிப்பாகத்தில் மட்டும் ஓதம் ஏறிக் காரை உதிர்கிறது. "சிமென்ட் பூசிவிட்டால் கல்லாட்டம் நிற்கும்" என்கிறார் விற்பவர். வாங்கலாமா ஐயா?

பதில்: ஏற்கெனவே கல்லாக நிற்கும் சுவரைக் கல்லாட்டம் நிற்க வைக்க சிமென்ட் எதற்கு தம்பி? விற்பவர் சொன்னதில் இந்த ஒன்றை மட்டும் கேட்காதீர்கள்.

போர்ட்லேண்ட் சிமென்ட்டுக்கு இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கப்பட்டது 1824-இல். அதற்குப் பிறகும் வெகுகாலம் பழைய கல்சுவர்களைச் சுண்ணாம்பும் மண்ணும் வைத்தே கட்டினார்கள். அப்படிப்பட்ட சுவருக்கு அடியில் ஈரத்தைத் தடுக்கும் படலம் எதுவும் கிடையாது. மண்ணின் ஈரம் சுவரில் ஏறும், சுண்ணாம்புப் பூச்சு வழியாக ஆவியாகிப் போகும். அதன் மேல் கெட்டியாக சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் இன்னும் மேலே ஏறும், அல்லது வீட்டுக்குள் எட்டிப் பார்க்கும். சுவருக்குள் செருகிய உத்தரங்களின் முனை அந்த ஈரத்திலேயே ஊறி உளுத்துப்போகும். உறைபனி விழும் உயரம் என்றால் இன்னும் மோசம். தண்ணீர் பனிக்கட்டியாகும்போது சுமார் 9 சதவீதம் பருக்கும். கல்லின் முகமே செதில் செதிலாகப் பெயரும். என் அப்பா கொத்தனார். சுண்ணாம்புச் சுவரில் சிமென்ட் பூசச் சொன்னால் கரண்டியைக் கீழே வைத்துவிடுவார்.

காரை அடியில் மட்டும் ஏன் உதிர்கிறது? வீட்டின் பின்னால் போய் மேட்டுப் பக்கம் பாருங்கள். பல வருடங்களாகச் சரிந்து வந்த மண் சுவரோடு ஒட்டிக் குவிந்திருக்கும். பெரும்பாலும் வெளியே இருக்கும் மண் மட்டம், உள்ளே இருக்கும் தரை மட்டத்தைவிட உயர்ந்திருக்கும். மருந்து அங்கேதான். அந்த மண்ணை வெட்டி எடுத்து, தரை மட்டத்துக்குக் கீழே போகும்படி ஒரு வாய்க்கால் தோண்டி, தண்ணீரை வீட்டைச் சுற்றி அப்பால் விடுங்கள். சுவர் காய்வதற்கு ஒரு வருடமாவது கொடுங்கள். பூச்சு வேலை அதற்கப்புறம், அதுவும் சுண்ணாம்பில்.

ஆகவே இந்த வீட்டை வெயில் நாளில் போய்ப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுக்காதீர்கள். மழை கொட்டும்போது குடையோடு போங்கள். கூரைத் தண்ணீர் எங்கே விழுகிறது, மேட்டுத் தண்ணீர் எங்கே திரும்புகிறது, பாதை மேல் ஓடுகிறதா என்று நின்று பாருங்கள். தடுப்புச் சுவர் நடுவில் தொப்பை போட்டிருக்கிறதா? அதில் தண்ணீர் கசிய விட்ட துளைகள் மண்ணடைத்துக் கிடக்கின்றனவா? சரிவில் நிற்கும் மரங்களின் அடித்தண்டையும் கவனியுங்கள். ஒன்றிரண்டு மட்டுமல்லாமல் எல்லாமே அடியில் கீழ்நோக்கி வளைந்து பிறகு நிமிர்ந்திருந்தால், மண் மெல்ல நகர்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். பனி அழுத்தியும் மரம் வளையும். ஆனால் வேலிக் கம்பங்களும் சேர்ந்து சாய்ந்திருந்தால் மண்ணையும் சரிவையும் சோதிக்கும் புவிநுட்பப் பொறியாளர் ஒருவரை அழைக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். சுவரைச் செப்பனிடலாம், மலையைச் செப்பனிட முடியாது.

குடிதண்ணீர் ஊற்றிலிருந்து வருகிறது என்றால் வறண்ட மாதத்தில் போய்ப் பாருங்கள். ஊற்று யார் நிலத்தில் இருக்கிறது, குழாய் யார் நிலம் வழியாக வருகிறது, அந்த உரிமை பத்திரத்தில் எழுதப்பட்டிருக்கிறதா? வண்டிப் பாதைக்கும் இதே கேள்விதான். பக்கத்துக்காரர் நல்லவர் என்பது பத்திரம் ஆகாது.

உங்கள் மனைவியின் ஜன்னல் திண்டுக்கு வருகிறேன். திண்டு அவ்வளவு ஆழம் என்றால் சுவரும் அவ்வளவு தடிமன். அத்தனை கல்லும் சூடேற நேரம் பிடிக்கும். கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும் என்பதையும் கணக்கில் வையுங்கள். விடுமுறைக்கு மட்டும் போய்வரும் குடும்பத்துக்கு, வீடு கதகதப்பாகும் வேளையில் ஊர் திரும்பும் நேரம் வந்துவிடும். குடியிருக்கப் போகிறீர்கள் என்றால் இதைவிட நல்ல சுவர் கிடைக்காது. வாங்குவதா வேண்டாமா என்பதை முடிவு செய்யும் கேள்வி எனக்கு இதுதான்.

கேள்வி: நாங்கள் பார்த்த மலை வீட்டின் மூலையில் ஒரு விரிசல் இருக்கிறது. அது பழையதா, இன்னும் வளர்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: உள்ளே தூசியும் சிலந்தி வலையும் பழைய வெள்ளைப்பூச்சும் இருந்தால் பெரும்பாலும் பழையது. விளிம்பு கூர்மையாக, உடைந்த இடம் சுத்தமாக இருந்தால் புதியது. மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் இருந்தால் மூலை கீழே இறங்குகிறதோ என்று பார்க்க வேண்டும். மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை விரிசலுக்குக் குறுக்கே இரு பக்கமும் ஒட்டி, பக்கத்தில் தேதி எழுதி வைப்பது பழைய முறை. சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும். ஒரு மழைக்காலமும் ஒரு வெயில் காலமும் தாண்டவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள். அதற்குள் வேறொருவர் வாங்கிவிடுவார் என்று தரகர் அவசரப்படுத்துவார். அது அவர் தொழில் அம்மா.

கேள்வி: வாங்கிய வீட்டில் ஜன்னல்களை எல்லாம் புதிதாக மாற்றினோம். கணப்பு மூட்டினால் புகை முழுக்க அறைக்குள் வருகிறது. புகைபோக்கியை இடித்துவிடலாமா?

பதில்: இடிக்க வேண்டாம். எரியும் நெருப்புக்குக் காற்று வேண்டும். முன்பு பழைய ஜன்னல் இடுக்குகள் அதைக் கொடுத்தன, நீங்கள் அடைத்துவிட்டீர்கள். ஒரு ஜன்னலை இரண்டு விரல் திறந்து வைத்து மூட்டிப் பாருங்கள். புகை மேலே போனால் நோய் தெரிந்துவிட்டது. கணப்புக்கு அருகில் நிரந்தரமாக ஒரு காற்றுத் துளை விடுங்கள். அப்படியும் போகாவிட்டால் உள்ளே பறவைக் கூடும் கரியும் அடைத்திருக்கும், ஆளை விட்டுச் சுத்தம் செய்யுங்கள். இதெல்லாம் முடியும்வரை கணப்பை எரியவிட்டு அந்த அறையில் தூங்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. அதைக் கண்டுபிடித்து அலறும் சிறு கருவி கடையில் கிடைக்கும், கணப்பு உள்ள அறையிலும் படுக்கையறையிலும் ஒவ்வொன்று மாட்டுங்கள்.