பாட்டு கேட்டா யார் ஞாபகம் வருது? – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல "எந்தப் பாட்டு கேட்டா உங்களுக்கு மனசு குளிருது, கூடவே யார் ஞாபகம் வருது"ன்னு சும்மா ஒரு வரி கேட்டு வெச்சேன். வந்த கடிதத்துல பாட்டு பேரை விட அப்பா, அம்மா, தாத்தா, பழைய ஸ்கூல் ஃபிரண்டு இவங்களப் பத்திதான் ஜாஸ்தி. பேரெல்லாம் எடுத்துட்டு, சிங்கப்பூர்ல அவங்க இருக்கிற பேட்டைய மட்டும் போட்டிருக்கேன். இடம் பத்தல, விட்டுப் போனவங்க கோவிச்சுக்காதீங்க.

கேள்வி (தெம்பனிஸ்): அக்கா, அம்மா தவறி ரெண்டு வருஷமாச்சு. அடுத்த மாசம் வீடு மாறுறோம். ஸ்டோர் ரூம்ல ஒரு பெரிய பிஸ்கட் டின் நிறைய அம்மாவோட கேசட். எல்லாம் ரேடியோலேர்ந்து அவங்களே பதிஞ்சது, அட்டையில அவங்க கையெழுத்து. "இந்தப் பாட்டெல்லாம் யூடியூப்ல கெடக்கு, பழைய சாமான் எடுக்குற காராங் குனிக்குப் போட்டுடு"ன்னு வீட்டுக்காரர் சொல்றாரு. சிலதுல வெள்ளையா பூஞ்சை வேற. என்ன பண்றது?

பதில்: போட்டுடாதீங்க தங்கச்சி! உங்க வீட்டுக்காரர் சொல்றது பாட்டப் பத்தி, நீங்க வெச்சிருக்கிறது அம்மாவப் பத்தி. யூடியூப்ல இருக்கிற பாட்டு முதல் நொடியிலேர்ந்து சுத்தமா இருக்கும். உங்க அம்மா பதிஞ்சதுல பாதிப் பல்லவி போயிருக்கும், ஏன்னா அடுப்படியிலேர்ந்து ஓடி வந்து ரெக்கார்டையும் பிளேயையும் சேத்து அமுக்கறதுக்குள்ள பாட்டு ஆரம்பிச்சிருக்கும். கடைசில அறிவிப்பாளர் "அடுத்து..."ன்னு ஆரம்பிக்கறப்போ டப்புன்னு நிக்கும். அந்த டப்பு இருக்கே, அது அம்மாவோட விரல். அத எந்த ஆப்ல தேடினாலும் கெடைக்காது. ரேடியோவும் டேப்பும் ஒண்ணா இருக்கிற டூ-இன்-ஒன்ல பதிஞ்சிருந்தா வீட்டுச் சத்தம் எதுவும் ஏறியிருக்காது, அதுக்கு உள்ளேயே கனெக்‌ஷன். டிவி முன்னாடி டேப்ப வெச்சு மைக்ல பதிஞ்சிருந்தாங்கன்னா குக்கர் விசிலு, நீங்க சின்னப் புள்ளையா அழுதது எல்லாமே உள்ள இருக்கும். அதனால ஒண்ணு விடாம கடைசி வரைக்கும் ஓட்டிக் கேளுங்க, பாட்டு முடிஞ்சதும் நிறுத்திடாதீங்க.

இப்போ வேலைக்கு வருவோம். முதல்ல பூஞ்சை புடிச்சதத் தனியா ஒரு பையில போட்டுக் கட்டி வெச்சிடுங்க, நம்ம ஊர் ஈரப்பதத்துல அது ஒரு கேசட்லேர்ந்து பிளேயர்ல டேப்ப உரசிப் படிக்கிற ஹெட்டுக்கு ஒட்டி, அங்கேர்ந்து அடுத்த கேசட்டுக்கும் போயிடும். நல்லதா இருக்கிறதுல ஆரம்பிங்க. கேசட்டோட முதுகுப் பக்கம் ரெண்டு மூலையிலயும் சின்ன பிளாஸ்டிக் துண்டு இருக்கும் பாருங்க, ரெண்டையும் ஸ்க்ரூடிரைவர் வெச்சு உடைச்சு விட்டுடுங்க. அதுக்கப்புறம் யாராவது தெரியாம ரெக்கார்ட அமுக்கினாலும் எழுதாது. இத முதல்லயே பண்ணணும், ஏன்னா அழிஞ்சதத் திரும்ப எடுக்க முடியாது. அப்புறம் டேப் வாய்ப்பக்கம் நடுவுல குட்டியா ஒரு ஃபெல்ட் பஞ்சு இருக்கா பாருங்க. பழைய கேசட்ல பசை காஞ்சு அது விழுந்திருக்கும், அது இல்லேன்னா சத்தம் போர்வைக்குள்ளேர்ந்து பேசுற மாதிரி அமுங்கிக் கேக்கும். அஞ்சு ஸ்க்ரூ போட்ட கேசட்டுன்னா கழட்டி, டேப்ப வேற நல்ல கூட்டுக்குள்ள மாத்திடலாம். ஒட்டின கேசட்டுன்னா கொஞ்சம் பாடுதான்.

பல வருஷமா சுத்தாம கெடந்தத உடனே பிளே பண்ணாதீங்க, ஒரு தடவ கடைசி வரைக்கும் ஓட விட்டு, திரும்ப ரீவைண்ட் பண்ணிட்டு அப்புறம் போடுங்க, அப்பதான் சுத்து இளகும். ஹெட்ட காட்டன் பட்ல ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைங்க, பார்மசியில கிடைக்கும். பிளேயர் எங்க வாங்கறதுன்னு கேப்பீங்க. சுங்கை ரோடு பழைய சாமான் சந்தை இருந்தவரைக்கும் நடைபாதையில கெடைக்கும், அத 2017ல மூடிட்டாங்க, இப்போ பழைய பொருள் விக்கிற கேரோசல் ஆப்லதான் தேடணும். கேசட்ட நேரா கம்ப்யூட்டர்ல சொருகுற மாதிரி சீப்பா ஒரு டப்பா விக்கிறாங்கள்ல, அது வேண்டாம்னுதான் சொல்வேன், பல டப்பாவுல வேகம் ஏறி இறங்கி பி.சுசீலா அம்மா குரலையே குடிச்சவங்க மாதிரி ஆக்கிடும். பழைய நல்ல கேசட் டெக் ஒண்ணு வாங்கி, ஹெட்போன் ஓட்டையிலேர்ந்து ஒரு கேபிள், நடுவுல ஒரு சின்ன யூஎஸ்பி அடாப்டர், அங்கேர்ந்து லேப்டாப். ஆடாசிட்டின்னு ஒரு சாஃப்ட்வேர், காசு கிடையாது. பதியறப்போ மீட்டர் சிவப்புக்குப் போகாம பாத்துக்குங்க. வேவ் ஃபைலா சேவ் பண்ணுங்க, சிடி தரத்துல ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 600 எம்பி ஆகும், அதெல்லாம் இந்தக் காலத்துல ஒரு விஷயமே இல்ல.

இன்னொண்ணு. பாட்டு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி, அந்த அமைதியில, அதே பாட்டு ரொம்ப மெலிசா தூரத்துல கேக்குற மாதிரி இருக்கும். பயந்துடாதீங்க, பேய் இல்ல! டேப் வருஷக்கணக்கா சுத்தின படியே கெடந்தா ஒரு சுத்துல இருக்கிற காந்தப் பதிவு பக்கத்துச் சுத்துலயும் லேசா ஏறிடும். 90 நிமிஷ கேசட்ல டேப் இன்னும் மெலிசு, அதனால அதுல 60 நிமிஷ கேசட்ட விட ஜாஸ்தியா கேக்கும். அத எடிட் பண்ணி எடுத்துடாதீங்க, விட்டுடுங்க. அட்டையையும் ரெண்டு பக்கமும் ஃபோட்டோ எடுத்து அதே ஃபோல்டர்ல போடுங்க, அம்மா எந்தப் பாட்டுக்குப் பக்கத்துல ஸ்டார் போட்டிருக்காங்கன்னு பாருங்க. கண்டிப்பா ஒண்ணுக்காவது போட்டிருப்பாங்க.

கேள்வி (செங்காங்): அப்பா டாக்சி ஓட்டுனாரு. காலைல ஸ்கூல்ல எறக்கி விடறப்போ தினமும் ஒரே பழைய குத்துப் பாட்டு, எனக்கு வெறுப்பா இருக்கும், ஃபிரண்ட்ஸ் கேட்டுடப் போறாங்கன்னு கண்ணாடிய ஏத்திடுவேன். போன வாரம் ஜிம்ல யாரோ அதப் போட்டாங்க, கண்ணு கலங்கிடுச்சு. அப்பா நல்லாத்தான் இருக்காரு, சும்மா ரிட்டையர் ஆயிட்டாரு அவ்ளோதான். புடிக்காத பாட்டுக்கு ஏன் இப்படி?

பதில்: தம்பி, புடிக்கணும்னு அவசியமே இல்ல. பக்கத்துல யார் இருந்தாங்க, எத்தன தடவ கேட்டீங்க, அப்போ உங்களுக்கு என்ன வயசு, இதுதான் கணக்கு. அமெரிக்காவுல பீட்டர் ஜனாட்டான்னு ஒரு ஆராய்ச்சியாளர் 2009ல ஒரு ஆய்வு வெளியிட்டாரு, காலேஜ் பசங்களுக்கு அவங்க 8 வயசுலேர்ந்து 18 வயசு வரைக்கும் இருந்தப்போ ஹிட்டான பாட்டுகளோட சின்னச் சின்ன துண்டைப் போட்டு மூளைய ஸ்கேன் பண்ணாரு. பாட்டோட சொந்த ஞாபகமும் சேந்து வந்தப்போ நெத்திக்குப் பின்னாடி மூளையில ஒரு பகுதி சுறுசுறுப்பாச்சு, நம்மளப் பத்தி நாமே யோசிக்கறப்போ வேலை செய்யுற பகுதி அது. பொதுவாவே பத்து வயசுலேர்ந்து முப்பது வயசுக்குள்ள நடந்ததுதான் பின்னாடி நமக்கு அதிகமா ஞாபகம் வருதுன்னும் சொல்றாங்க. உங்க அப்பா உங்கள சரியா அந்த வயசுல தினமும் உக்கார வெச்சுக் கேக்க வெச்சிருக்காரு. அதுவும் காலைல, ஒரே ரோடு, ஒரே சீட்டு. அப்பறம் எப்படி ஒட்டாம இருக்கும் சொல்லுங்க.

ஞாயித்துக்கிழமை அவரக் கூட்டிட்டு பசாருக்குப் போறப்போ நீங்க கார் ஓட்டி அதே பாட்டப் போடுங்களேன். கண்ணாடிய எறக்கிட்டு.

கேள்வி (ஜூரோங் வெஸ்ட்): தீபாவளிக்கு எல்லாரும் கூடினா இதே சண்டை. நம்ம சிங்கப்பூர முதல்ல பாட்டுல காட்டினது 'பிரியா'ன்னு அப்பா, 'நினைத்தாலே இனிக்கும்'னு சித்தப்பா. தீர்ப்பு சொல்லுங்க.

பதில்: ரெண்டு பேருல பாத்தா அப்பா ஜெயிச்சாரு, பிரியா 1978, நினைத்தாலே இனிக்கும் 1979. ஆனா வீட்டுல பாட்டி இருந்தா அவங்ககிட்ட கேளுங்க, ரெண்டு பேரையும் உக்கார வெச்சிடுவாங்க. எம்.ஜி.ஆர் ஜப்பான் எக்ஸ்போ, ஹாங்காங், சிங்கப்பூர்னு சுத்தி எடுத்த 'உலகம் சுற்றும் வாலிபன்' 1973லயே வந்துடுச்சு, எம்.எஸ்.விதான் மியூசிக்.

சண்டைக்கு இன்னும் கொஞ்சம் எண்ணெய் ஊத்தறேன். அப்பா கட்சி, சித்தப்பா கட்சி ரெண்டுக்கும் பின்னாடி எழுத்தாளர் சுஜாதாதான். பிரியா அவரோட நாவல், நாவல்ல கதை நடக்குறது லண்டன்ல, படத்துக்காக இங்க தூக்கிட்டு வந்தாங்க. பாலசந்தர் எடுத்த நினைத்தாலே இனிக்கும் கதையும் அவரோடதுதான். பாட்டுன்னு வந்தா என் ஓட்டு சித்தப்பாவுக்கு. பிரியாவுல 'அக்கரைச் சீமை அழகினிலே'ய யேசுதாஸ் பாடினது நல்லாத்தான் இருக்கும், ராஜா சார் மியூசிக்க நான் குறை சொல்வேனா! ஆனா இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல மியூசிக் போட்டுட்டு இருந்த எம்.எஸ்.வி, கமலும் ரஜினியும் இருக்கிற ஒரு பாட்டு கோஷ்டி கதைக்கு, கண்ணதாசன் வரிய வெச்சுக்கிட்டு, இளவட்டங்க மாதிரி துள்ளியிருக்காரு பாருங்க, 'சம்போ சிவசம்போ'வ அவரே பாடியிருக்காரு. எஸ்.பி.பியோட 'நம்ம ஊரு சிங்காரி'ய இன்னைக்கும் கல்யாண டின்னர்ல போட்டா எந்த மேஜையிலேர்ந்தாவது ஒரு அங்கிள் எந்திரிச்சு வந்துடுவாரு.

இந்தப் படங்கள வீட்டுல போட்டா நம்ம பெருசுங்க ரஜினி ஸ்ரீதேவியவா பாக்குறாங்க? பின்னாடி தெரியற பில்டிங்கத்தான் பாக்குறாங்க. "ஏய் நிறுத்து நிறுத்து, அது இப்ப இல்லல்ல"ன்னு பாஸ் போட்டுப் போட்டு ரெண்டு மணி நேரப் படம் நாலு மணி நேரம் ஓடும்.

கேள்வி (புக்கிட் பாத்தோக்): பாட்டி 1942ல பொறந்தவங்க. இப்போ டிமென்ஷியா, பல நேரம் என்னையே தெரியல. பாட்டு போட்டா நல்லதுன்னு நர்ஸ் சொன்னாங்க. பக்திப் பாட்டு போட்டா திரும்பிக்கூடப் பாக்கல. என்ன போடலாம்?

பதில்: பாட்டின்னா பக்திப் பாட்டுன்னு நாமதான் முடிவு பண்ணிடறோம், அவங்களும் ஒரு காலத்துல பதினெட்டு வயசுப் பொண்ணுதானே. பொறந்த வருஷத்தோட 15 கூட்டுங்க, 25 கூட்டுங்க. உங்க பாட்டிக்கு 1957லேர்ந்து 1967. விஸ்வநாதன்-ராமமூர்த்தி சேந்திருந்த காலம், அவங்க 1965ல பிரிஞ்சாங்க. 'கல்யாணப் பரிசு' 1959, அதுக்கு ஏ.எம்.ராஜாவே மியூசிக்கும் போட்டாரு, 'வாடிக்கை மறந்ததும் ஏனோ' போட்டுப் பாருங்க. 1961ல 'பாவமன்னிப்பு', அதுல சுசீலா பாடின 'அத்தான் என்னத்தான்'. இதுல ஏதோ ஒண்ணு கொக்கி மாதிரி மாட்டும்.

மாட்டலேன்னா தமிழ விட்டு வெளிய வாங்க. அந்தத் தலைமுறை கம்பத்துலயும் குவார்ட்டர்ஸ்லயும் மலாய்க்காரங்க பக்கத்துல வளந்தவங்க, மலாய் நடிகர், பாடகர் பி.ரம்லியோட பாட்டு தெரியாத சிங்கப்பூர்ப் பாட்டி குறைச்சல். பாலஸ்டியர் பக்கம் ஜாலான் அம்பாஸ் ஸ்டூடியோவுலதான் அவர் படமெல்லாம் எடுத்தாங்க, 1964ல கோலாலம்பூர் போற வரைக்கும் அவர் இங்கதான். அவர் முதன்முதலா ஹீரோவா நடிச்ச 'பக்தி' 1950ல வந்துச்சு, டைரக்டர் யாரு தெரியுமா, நம்ம தமிழர் எல்.கிருஷ்ணன். ரம்லி பாடின 'கெத்தாரான் ஜீவா'வ மெதுவா வெச்சுப் பாருங்க.

இயர்போன் மாட்டி விடாதீங்க, சில பேரு பயந்துடுவாங்க, சின்ன ஸ்பீக்கர் போதும். டிவிய அணைச்சிடுங்க. ரெண்டு மூணு பாட்டுக்கு மேல வேண்டாம். முகத்தப் பாத்துக்கிட்டே இருங்க, விரல் தாளம் போடுதான்னு பாருங்க, கலங்கற மாதிரி இருந்தா நிறுத்திட்டுக் கையப் புடிச்சுக்குங்க. முக்கியமா பரீட்சை வைக்காதீங்க. "யார் பாடினது சொல்லுங்க பாட்டி"ன்னு கேக்கவே கேக்காதீங்க. நீங்க வரிய பாதி பாடிட்டு நிறுத்துங்க, மீதிய அவங்க பாடினாலும் பாடுவாங்க. பேரே மறந்தவங்க பாட்டு வரி மறக்காம பாடுறது நடக்கிறதுதான், இசை ஞாபகம் பல பேருக்கு மத்ததெல்லாம் போனப்புறமும் ஓரளவு தங்குது. இது மருந்து இல்ல, நோய் குணமாகாது. ஆனா அந்தச் சாயங்காலம் நல்லா போகும்.

கேள்வி (பிடோக்): பிளேலிஸ்ட் இருக்கறப்போ ஆல்பத்த முழுசா கேக்கணும்னு ஏன் அடம் புடிக்கிறீங்க?

பதில்: ஏன்னா புடிச்ச பாட்டெல்லாம் நாமளா தேடினது இல்ல. கேசட்ல ஒரு பாட்டத் தாண்டணும்னா பட்டன அமுக்கிப் புடிச்சு, தாண்டிப் போயி, திரும்பி வந்து, பேட்டரியும் தீரும், அதுக்கு சும்மா கேட்டுடலாம்னு விட்டுடுவோம். 1992ல 'ரோஜா'வ 'சின்னச் சின்ன ஆசை'க்காக வாங்கினவங்கதான் பாதிப் பேரு, வருஷம் போனப்புறம் 'புது வெள்ளை மழை'தான் மனசுல நின்னுது. ஒரே ஒரு தடவ, எம்ஆர்டியில பிடோக்லேர்ந்து ஜூரோங் ஈஸ்ட் வரைக்கும், இளையராஜாவோட 'ஹவ் டு நேம் இட்' கேட்டுட்டுப் போங்க, 1986ல வந்தது, வரியே கிடையாது. ஸ்கிப் பண்ணக் கூடாது.

கேள்வி (பொங்கோல்): கல்யாணமாகி மதுரையிலேர்ந்து வந்தேன். ஆகஸ்ட் மாசம் தேசிய தினத்துக்கு 'முன்னேறு வாலிபா' பாட்டு போட்டா இவரு கண்ணத் துடைக்கிறாரு, எனக்கு ஒண்ணும் தோணல. நம்ம யேசுதாஸா பாடினது?

பதில்: அய்யோ இல்லம்மா, அவரு வேற! அறுபதுகள்ல அத எழுதி மெட்டுப் போட்டது இங்க நம்ம சிங்கப்பூர்ல இருந்த எஸ்.ஜேசுதாசன். ஒங்க வீட்டுக்காரர் அத யூனிபார்ம் போட்டு, வேர்வையில, தமிழ் சீனம் மலாய்னு எல்லாப் பசங்களோடயும் நின்னு பாடினவரு, சீனப் பசங்க அந்தத் தமிழ உச்சரிக்கிறத நெனச்சாலே சிரிப்பும் வரும் அழுகையும் வரும். உங்களுக்கு அது இல்ல, அதுக்கு நீங்க வருத்தப்பட ஒண்ணுமில்ல. 2012ல ஷபீர் பாடின 'சிங்கை நாடு'ம் இருக்கு, அதுல வேணா ஆரம்பிங்க, ஆடவும் வரும்.

கேள்வி (ஈசூன்): பக்கத்து வீட்டு அங்கிள் ஞாயிறு காலைல ஆறு மணிக்கு டி.எம்.எஸ் போட்டுடறாரு. எனக்கு எங்க தாத்தா வீட்டுல இருக்கிற மாதிரி சொகமா இருக்கு. மனைவி கம்ப்ளைண்ட் பண்ணணும்னு நிக்கிறாங்க.

பதில்: மனைவி பக்கம்தான் நியாயம், வாரத்துல ஒரு நாள் தூங்குறது அவங்க உரிமை, உங்க தாத்தா ஞாபகத்துக்கு அவங்க ஏன் எந்திரிக்கணும்? கம்ப்ளைண்ட் எல்லாம் வேண்டாம். ரெண்டு கோப்பி-ஓ வாங்கிட்டுப் போயி அங்கிள் வீட்டுக் கதவத் தட்டுங்க, எட்டரைக்கு மேல வெக்கச் சொல்லுங்க, ஒத்துக்குவாரு. அவர்கிட்ட பாட்டு லிஸ்டையும் வாங்கிட்டு வந்து எனக்கு அனுப்புங்க.