வெண்புள்ளி திரும்பி வந்தால் மருந்தை இரட்டிப்பாக்கலாமா?

கேள்வி: வீட்டில் 120 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம், 45 செ.மீ. உயரத்தில் ஒரு மீன் தொட்டி. க்ளவுன் லோச் 4, கோரிடோராஸ் 6, நியான் டெட்ரா ஒரு கூட்டம், கொஞ்சம் இறால். புதிதாக வாங்கிய டெட்ராக்களை விட்ட ஒரு வாரத்தில் லோச்சின் மேல் வெள்ளைப் புள்ளிகள் வந்தன. கடைக்காரர் கொடுத்த நீல மருந்தை அவர் சொன்ன அளவிலேயே ஊற்றினேன். மூன்றாம் நாள் புள்ளிகள் மறைந்ததால் நிறுத்திவிட்டேன். ஐந்து நாள் கழித்து முன்னைவிட அதிகமாக வந்திருக்கிறது. மருந்து போதவில்லை, இரட்டிப்பாக ஊற்றுங்கள் என்கிறார். செய்யலாமா? அல்லது மணலைக் கொட்டிவிட்டுத் தொட்டியைப் புதிதாகத் தொடங்கட்டுமா?

பதில்: ஊற்றாதீர்கள். லோச் இருக்கும் தொட்டியில் இரட்டை அளவு மருந்து போனால் நோயைத் தரும் ஒட்டுண்ணிக்கு முன்னால் லோச்தான் சாகும். அதோடு, நோய் திரும்பியதற்கும் மருந்தின் அளவுக்கும் தொடர்பே இல்லை. நீங்கள் நிறுத்திய நாள்தான் தவறு. அந்தத் தவறைச் செய்யாத ஆள் அபூர்வம், ஏனென்றால் மருந்தை விற்பவர் யாரும் இதைச் சொல்வதில்லை.

'இக்' என்று மீன் வளர்ப்பவர்கள் சுருக்கமாகச் சொல்லும் இந்த ஒட்டுண்ணி மூன்று இடங்களில் வாழ்கிறது. முதலில் மீனின் தோலுக்கு அடியில். நீங்கள் பார்க்கும் வெள்ளைப் புள்ளி அதுதான். மேல்தோல் மூடியிருப்பதால் எந்த மருந்தும் அங்கே போகாது. தின்று கொழுத்ததும் தானாகவே தோலைவிட்டு விழுகிறது. விழுந்தது மணலிலோ கல்லிலோ ஒட்டிக்கொண்டு மேலே ஓர் உறையைக் கட்டிக்கொள்கிறது. அங்கேயும் மருந்து எட்டாது. உறைக்குள் பிரிந்து பிரிந்து நூற்றுக்கணக்கில், சில நேரம் ஆயிரம் வரைகூடக் குஞ்சுகளாக வெளியே வந்து நீந்துகிறது. மருந்துக்குச் சாவது இந்த நீந்தும் கட்டத்தில் மட்டும்தான். இரண்டு நாளுக்குள் ஒரு மீன் கிடைக்காவிட்டால் அவை மருந்தில்லாமலே செத்துவிடும்.

உங்கள் தொட்டியில் மூன்றாம் நாள் என்ன நடந்தது என்பது இப்போது புரிந்திருக்கும். புள்ளிகள் குணமாகவில்லை, பழுத்து விழுந்தன. மருந்து ஊற்றாமல் விட்டிருந்தாலும் அநேகமாக அதே சமயத்தில் மறைந்திருக்கும். குஞ்சுகள் வெளிவரும் நேரத்தில் நீங்கள் மருந்தை நிறுத்தினீர்கள். 25, 26 டிகிரி நீரில் இந்தச் சுற்று ஏறக்குறைய ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடும், அதனால்தான் ஐந்து நாளில் அடுத்த படை வந்தது. கண்ணுக்குப் புள்ளி தெரிகிறதா என்று பார்த்து வைத்தியம் செய்தால் ஒவ்வொரு முறையும் இப்படித்தான் ஏமாறுவோம்.

அடுத்து அந்த 'சொன்ன அளவு'. 120-ஐ 45-ஆலும் மறுபடி 45-ஆலும் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் 243 லிட்டர் வரும். கடைக்காரர் கணக்குப் போட்டிருந்தால் இதைத்தான் போட்டிருப்பார். ஆனால் அடியில் 5 செ.மீ. மணல் இருக்கும், மேலே 5 செ.மீ. காலியாக இருக்கும். மீதி 35 செ.மீ. உயரத்துக்கு 189 லிட்டர். கல், மரக்கட்டை, கண்ணாடியின் தடிமன் எல்லாம் கழித்தால் உண்மையில் 170 லிட்டர் தண்ணீர்தான். ஆக, முதல் முறையே நீங்கள் நாற்பது சதவீதம் கூடுதலாக ஊற்றியிருக்கிறீர்கள். அதையும் இரட்டிப்பாக்கினால் ஏறக்குறைய மூன்று மடங்கு! லோச், கோரிடோராஸ் போன்ற மீன்களுக்கு மற்ற மீன்களைப் போல முழுச் செதில் பாதுகாப்பு கிடையாது. மருந்து சீக்கிரம் உடம்பில் ஏறும். டெட்ராவுக்குச் செதில் இருந்தாலும், இந்த நோய்க்கு ஊற்றும் மலாக்கைட் கிரீன் என்ற சாய மருந்து ஒத்துக்கொள்ளாது. இவற்றுக்கெல்லாம் பாதி அளவு என்பதே பொதுவான வழக்கம், அதுவும் உண்மையான தண்ணீர் அளவுக்கு.

எதன் பாதி என்று கேட்டால் எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. 'நீல மருந்து' என்கிறீர்கள். மெத்திலீன் ப்ளூவாக இருக்கலாம், மலாக்கைட் கிரீனாக இருக்கலாம், இரண்டும் கலந்ததாக இருக்கலாம், உள்ளே ஃபார்மலினோ காப்பர் சல்பேட்டோ சேர்ந்திருக்கலாம். பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள்: சிரிக்கும் மீன் படம் ஒன்று இருக்கும், 'எல்லா நோய்க்கும்' என்று இருக்கும், உள்ளே என்ன, எத்தனை சதவீதம் என்று மட்டும் இருக்காது. சமைத்துச் சாப்பிடும் மீனுக்கு மலாக்கைட் கிரீன் பல நாடுகளில் தடை. அலங்கார மீன் என்று வந்துவிட்டால் யாரும் எதையும் கலந்து பாட்டிலில் அடைத்து விற்கலாம், கேட்பதற்கு ஆள் இல்லை. நாய்க்கும் பூனைக்கும் இருக்கிற மருத்துவர் மீனுக்குக் கிடைப்பது அரிது என்பதால், நோயைக் கண்டுபிடிப்பவரும் மருந்து எழுதுபவரும் விற்பவரும் ஒரே ஆளாக இருக்கிறார். மீனை விற்றவரும் அவர்தான். இதை எத்தனை முறை எழுதினாலும் எதுவும் மாறுவதாகத் தெரியவில்லை. உங்கள் அளவில் செய்யக்கூடியது ஒன்றுதான்: மருந்தின் பெயரும் செறிவும் அச்சிடாத பாட்டில் தொட்டிப் பக்கமே வரக்கூடாது. ஆன்டிபயாட்டிக் மாத்திரையைப் பிரித்துக் கொட்டச் சொன்னால் அதையும் செய்யாதீர்கள். இது பாக்டீரியா நோயே அல்ல. அந்தப் பொடி வேலை செய்தால் உங்கள் ஃபில்டரில் இருந்துகொண்டு, மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா என்ற நஞ்சை நீக்கும் நல்ல பாக்டீரியாவைத்தான் கொல்லும்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. உங்கள் மீன்களைப் பார்த்தால் நான் வெப்பத்தையும் உப்பையும்தான் முதலில் எடுப்பேன்.

பழைய மருந்து முதலில் வெளியேறட்டும். 30 சதவீதம், அதாவது 50 லிட்டர் தண்ணீரை மாற்றுங்கள். புது நீரில் குளோரின் நீக்கி, தொட்டி நீரின் சூட்டிலேயே ஊற்றுங்கள். ஃபில்டரில் ஆக்டிவேட்டட் கார்பனை ஒரு நாள் போட்டு வையுங்கள், மிச்ச மருந்தை அது உறிஞ்சும். இறால்களை மீன் இல்லாத தனித் தொட்டிக்கு மாற்றிவிடுங்கள். அவற்றுக்கு இந்த நோய் வராது. மீன் இல்லாத இடத்தில் கூடவே போன ஒட்டுண்ணியும் பிழைக்காது. சிகிச்சை முழுவதும் முடிந்த பிறகு திரும்ப விடலாம்.

அப்புறம் ஹீட்டரை 12 மணி நேரத்துக்கு ஒரு டிகிரி வீதம் ஏற்றி 30 டிகிரிக்குக் கொண்டு வாருங்கள். ஹீட்டரில் இருக்கும் எண்ணை நம்பாமல் தனித் தெர்மாமீட்டரில் பாருங்கள். சூடு ஏறினால் ஒட்டுண்ணியின் சுற்று வேகமாகிறது, புள்ளி சீக்கிரம் விழும், 30-ஐ ஒட்டி அதன் பெருக்கமும் தடைப்படுகிறது. க்ளவுன் லோச்சுக்கு 30 டிகிரி பழக்கப்பட்ட சூடுதான். கோரிடோராஸும் நியானும் இரண்டு வாரம் தாங்கும், ஆனால் அவற்றின் மேல் ஒரு கண் இருக்கட்டும்.

இந்த இடத்தில் ஒரு விலக்கு இருக்கிறது. மீன்கள் ஏற்கெனவே நீர்மட்டத்தில் வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தால் ஹீட்டரைத் தொடாதீர்கள். ஒட்டுண்ணி தோலில் மட்டும் இருப்பதில்லை, செவுளிலும் இருக்கிறது. பல மீன்களில் முதலில் அங்கேதான் ஏறுகிறது. உடம்பில் ஒரு புள்ளிகூட இல்லாத டெட்ரா திடீரென்று சாவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். 25 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் பிடித்து வைக்கும் ஆக்சிஜன் சுமார் 8.3 மில்லிகிராம், 30 டிகிரியில் 7.5. பார்த்தால் சிறிய குறைவுதான். ஆனால் அதே சூட்டில் மீனுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன் கூடுகிறது, வாங்க வேண்டிய செவுளோ புண்ணாகிக் கிடக்கிறது. மூன்றும் சேரும்போது அந்தச் சிறிய குறைவே கொன்றுவிடும். நோயால் செத்தது என்று நினைத்துக்கொள்வோம், செத்தது மூச்சு முட்டி. ஆகவே முதலில் செவுள் மூடி எப்படி அசைகிறது என்று பாருங்கள். ஆரோக்கியமான லோச்சில் அசைவு நிதானமாக, இரண்டு பக்கமும் சமமாக இருக்கும். ஒரு பக்கச் செவுளை மூடிக்கொண்டு மறுபக்கத்தால் வேகமாக அடித்தாலோ, ஃபில்டரிலிருந்து தண்ணீர் விழும் இடத்திலேயே போய் நின்றாலோ, செவுள் பாதிக்கப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏர் ஸ்டோனைப் போட்டு, ஃபில்டர் வாயை மேல்நோக்கித் திருப்பி, நீரின் மேற்பரப்பு நாள் முழுக்கக் கலங்கும்படி செய்யுங்கள். குமிழி எவ்வளவு வருகிறது என்பது பெரிதில்லை, மேற்பரப்பு கலங்குகிறதா என்பதுதான் கணக்கு. இரவிலும் ஏர் பம்பை நிறுத்தக்கூடாது. சத்தம் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று நிறுத்திவிட்டுக் காலையில் எனக்கு எழுதாதீர்கள். மூச்சு சீரான பிறகு சூட்டை ஏற்றலாம், அப்போதும் நாளுக்கு ஒரு டிகிரிக்கு மேல் வேண்டாம். மூச்சு சீராகவே இல்லையென்றால் சூட்டை மறந்துவிட்டு உப்பும் தினசரி நீர் மாற்றமுமே போதும். நாள் கூட ஆகும், அவ்வளவுதான்.

உப்பு: லிட்டருக்கு 2 கிராம், அதைத் தாண்ட வேண்டாம். 170 லிட்டருக்கு 340 கிராம். நான்காகப் பிரித்து 85 கிராம் வீதம், வாளித் தண்ணீரில் கரைத்து, 12 மணி நேரத்துக்கு ஒரு முறை ஊற்றுங்கள். கட்டியாகத் தொட்டியில் போட்டால் கரையும் இடத்தில் கிடக்கும் கோரிடோராஸுக்குத் தோல் வெந்துபோகும். சாதா உப்பே போதும். 'மீன் உப்பு' என்று அழகான டப்பாவில் விற்பதும் அதே சோடியம் குளோரைடுதான், டப்பாவுக்குத்தான் விலை. உப்பு ஆவியாகாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். நீர்மட்டம் குறைந்ததால் நிரப்பும் தண்ணீரில் உப்புப் போடக்கூடாது. வெளியே எடுத்துவிட்டு மாற்றும் தண்ணீருக்கு மட்டும் போடுங்கள், 50 லிட்டருக்கு 100 கிராம். இந்தக் கணக்கில் தவறி, நாளுக்கு நாள் உப்பை ஏற்றிக்கொண்டே போகிறவர்கள் நிறையப் பேர். மென்மையான செடிகள் கொஞ்சம் கருகலாம். செடி திரும்ப வளரும்.

தினமும் அல்லது ஒரு நாள் விட்டு ஒரு நாள் சைஃபன் குழாயால் மணலை உறிஞ்சுங்கள். உறை கட்டிய ஒட்டுண்ணி அங்கேதான் இருக்கிறது. இப்படி வெளியே எடுத்த ஒவ்வொன்றுக்கும் சில நூறு குஞ்சுகள் குறையும். தீனியைக் குறைத்து, அம்மோனியாவைச் சோதித்து வாருங்கள். முதலில் போன மருந்து ஃபில்டரைக் கெடுத்திருக்க வாய்ப்புண்டு, அம்மோனியா துளி தெரிந்தாலும் அன்றே தண்ணீரை மாற்றுங்கள்.

எவ்வளவு நாள்? கடைசிப் புள்ளி மறைந்த நாளிலிருந்து இன்னும் ஒரு வாரம், மொத்தத்தில் இரண்டு வாரத்துக்குக் குறையாமல். பத்தாம் நாள் மீன்கள் பளபளவென்று இருக்கும், போதும் என்று தோன்றும். நிறுத்தாதீர்கள். முடிந்தபின் சூட்டையும் உப்பையும் ஏற்றியது போலவே படிப்படியாகத்தான் இறக்க வேண்டும்.

30 டிகிரி சூட்டை ஒரு வாரம் வைத்திருந்தும் புதுப் புள்ளிகள் வந்துகொண்டே இருந்தால் மருந்துக்குப் போகலாம். மலாக்கைட் கிரீன், செறிவு எழுதியது, அட்டையில் சொன்னதில் பாதி. ஊற்றும் முன் ஃபில்டரில் இருந்து கார்பனை எடுத்துவிட வேண்டும், யூவி விளக்கு இருந்தால் அணைக்க வேண்டும். அடுத்த வேளை ஊற்றும் முன் கால் பங்கு தண்ணீரை மாற்றுங்கள். கையுறை போடுங்கள். காப்பர் கலந்தது எதுவும் வேண்டாம், அது மணலில் தங்கி, பிறகு திரும்ப விடும் இறாலைக் கொல்லும். புள்ளிகள் தனித்தனியாக எண்ணும்படி இல்லாமல், டார்ச் அடித்தால் பொன் தூசி படிந்தது போலத் தெரிந்தால் அது வேறு நோய். இந்தப் பதில் அதற்குப் பொருந்தாது.

நோய் வந்த வழி உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. 'இக் எல்லாத் தொட்டியிலும் எப்போதும் இருக்கும், மீன் சோர்ந்தால் வெளியே வரும்' என்று கடையில் சொல்லியிருப்பார்கள். வசதியான சமாதானம். இந்தச் சூட்டில் மீன் இல்லாமல் சில நாளுக்கு மேல் பிழைக்கத் தெரியாத உயிர், எங்கே ஒளிந்திருக்கும்? புது டெட்ராவோடு வந்தது. பல கடைகளில் வரிசையாக இருக்கும் தொட்டிகள் எல்லாவற்றுக்கும் ஒரே ஃபில்டர், ஒரே தண்ணீர். நீங்கள் வாங்கும் தொட்டி சுத்தமாக இருந்தாலும் நான்கு தொட்டி தள்ளி ஒரு மீன் கல்லில் உடம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தால் போதும். பண்ணையிலிருந்து மொத்த வியாபாரி, அங்கிருந்து கடை என்று சில நாட்களுக்குள் கைமாறி வந்த மீனை, வந்த அன்றே 'புதுச் சரக்கு' என்று விற்கிறார்கள். நோய் முற்றித் தெரிவதற்குள் அது உங்கள் வீட்டில் இருக்கும். அடுத்த முறை எந்த மீனையும் நான்கு வாரம் தனித் தொட்டியில் வைத்துவிட்டு உள்ளே விடுங்கள். வலை, குழாய், வாளி தனியாக இருக்கட்டும், இல்லையென்றால் முழுக்கக் காய்ந்த பிறகு பயன்படுத்துங்கள்.

மணலைக் கொட்ட வேண்டாம். ஒட்டுண்ணி இப்போது மீனின் மேலேயே இருக்கிறது, புதுத் தொட்டிக்கும் கூடவே வரும். பழைய மணலிலும் ஃபில்டரிலும் இருக்கும் பாக்டீரியாவை இழந்துவிட்டால் அம்மோனியாவும் சேர்ந்துகொள்ளும், அந்த நிலையில் லோச் ஒரு வாரம் தாங்குவதே கடினம்.