அன்பிளாக் செய்தால் எவையெல்லாம் திரும்பி வரும்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

எட்டு மாதங்களுக்கு முன் ஒரு சண்டையின் சூட்டில் நெருங்கிய தோழி ஒருத்தியை முகநூல், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப், எக்ஸ் என்று எல்லா இடத்திலும் பிளாக் செய்துவிட்டேன். ஐந்து நிமிடத்தில் முடிந்த காரியம். இப்போது கோபம் வடிந்துவிட்டது. ஆனால் பிளாக்கை எடுக்கப் போகும்போதெல்லாம் கை தயங்குகிறது. எடுத்தால் அவளுக்கு அறிவிப்பு போகுமா? இத்தனை நாளில் அவள் ஏதாவது எழுதியிருந்தால் அதெல்லாம் இப்போது வந்து சேருமா? என் படங்களுக்குக் கீழே அவள் எழுதிய கமெண்டுகள் அப்படியே இருக்குமா? முகநூலில் மட்டும் ஒருமுறை எடுத்து எட்டிப் பார்த்துவிட்டு, மனம் ஒப்பவில்லையென்றால் உடனே திரும்பப் போட்டுவிடலாமா?

இன்னொன்று. வேலை செய்யும் இடத்தில் அறிமுகமான ஒருவர் இன்ஸ்டாகிராமில் என் ஒவ்வொரு பதிவுக்கும் கீழே வந்து குத்தலாக எழுதுகிறார். தினமும் முகம் பார்க்க வேண்டியவர். அவரை பிளாக் செய்வதைத் தவிர வேறு வழி உண்டா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி)

அன்புள்ள வாசகிக்கு,

எட்டிப் பார்க்கும் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இதைப் படித்து முடிப்பதற்குள் நீங்கள் அதைச் செய்துவிடக்கூடும். முகநூலில் ஒருவரை அன்பிளாக் செய்துவிட்டால் அதே ஆளை மறுபடி பிளாக் செய்ய 48 மணி நேரம் காத்திருக்க வேண்டும். நடுவில் மனம் மாறினாலும் வழியில்லை. அந்த இரண்டு நாளும் அவர் உங்களைத் தேடி எடுக்கலாம், உங்கள் பொதுப் பதிவுகளைப் படிக்கலாம். லிங்க்ட்இன்னிலும் இதே 48 மணி நேரக் கணக்குதான். வாட்ஸ்அப்பில் இப்படிக் காத்திருக்க வேண்டியதில்லை. எடுத்த அடுத்த நிமிடமே திரும்பப் போடலாம். ஆகவே உறுதி இல்லாமல் தொடக்கூடாத இடம் முகநூல். அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அறிவிப்பு எதிலும் போகாது. பிளாக் செய்தபோதும் போயிருக்காது, எடுக்கும்போதும் போகாது. ஆனால் தேடிப் பார்க்கிறவருக்குத் தடயம் கிடைக்கும். வாட்ஸ்அப்பில் மறைந்திருந்த உங்கள் படமும் கடைசியாக வந்த நேரமும் மறுபடி தெரிய ஆரம்பிக்கும். இன்ஸ்டாகிராமில் தேடினால் உங்கள் கணக்கு வரும். உங்களை நினைத்துக்கொண்டிருப்பவர் கவனித்துவிடுவார் என்றே வைத்துக்கொண்டு செயல்படுவது நல்லது.

இனி, உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் முக்கியமாகப் பட்ட கேள்வி: இடையில் எழுதியவை வந்து சேருமா? வராது. பிளாக் இருந்த காலத்தில் வாட்ஸ்அப்பில் அனுப்பப்பட்ட செய்திகள், தடையை எடுத்த பிறகும் உங்களுக்கு வரவே வராது. அவை எங்கும் வரிசையில் காத்திருக்கவில்லை. அழைத்திருந்தால் அதுவும் உங்கள் போனை எட்டியிருக்காது. இதை நன்றாக மனதில் வாங்கிக்கொள்ளுங்கள், ஏனென்றால் மிகப் பெரிய தப்பர்த்தம் இங்கேதான் முளைக்கிறது. தடையை எடுத்தவர் வெறுமையாகக் கிடக்கும் உரையாடலைப் பார்த்து, ‘எட்டு மாதமாக ஒரு வார்த்தை எழுதவில்லையே’ என்று புண்படுகிறார். மறுபக்கத்தில் இருப்பவரோ பத்துச் செய்திகள் அனுப்பி, பத்துக்கும் ஒற்றை டிக்கைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார். அந்த ஒற்றை டிக்கை வைத்தும் அவரால் எதையும் திட்டவட்டமாக முடிவு செய்ய முடியாது. போன் அணைந்திருந்தாலும், நெட் இல்லாவிட்டாலும் அதே ஒற்றை டிக்தான். பிளாக் செய்தவரின் நலனுக்காக வாட்ஸ்அப் வேண்டுமென்றே அதை அப்படி மங்கலாக விட்டிருக்கிறது. எனவே நீங்கள் எழுதப்போகும் முதல் செய்தியில் ஒரு வரி கட்டாயம் இருக்கட்டும்: ‘இடையில் நீ எழுதியிருந்தால் அது எனக்கு வரவில்லை, தடுத்து வைத்திருந்தேன்.’ இந்த ஒரு வரி இல்லாமல் ‘எப்படி இருக்கிறாய்?’ என்று தொடங்கினால், எல்லாவற்றையும் படித்துவிட்டு இத்தனை நாள் சும்மா இருந்தீர்கள் என்று அவர் எடுத்துக்கொள்ள இடம் இருக்கிறது.

வாட்ஸ்அப் பிளாக் வேறு, போனில் உள்ள பிளாக் வேறு என்பதையும் சரிபாருங்கள். அன்று இரவு எண்ணையே போனில் தடுத்திருந்தீர்களானால், வாட்ஸ்அப்பில் எடுத்தாலும் சாதாரண அழைப்பும் எஸ்எம்எஸ்ஸும் தடுக்கப்பட்டபடியே இருக்கும். போனின் பட்டியலைத் தனியாகத் திறந்து எடுக்க வேண்டும். ஆண்ட்ராய்டில் கூகுள் மெசேஜஸ் செயலியைப் பயன்படுத்துபவர் என்றால், தடுக்கப்பட்ட எண்களிலிருந்து வந்த எஸ்எம்எஸ்கள் ஸ்பேம், தடுக்கப்பட்டவை என்று ஒரு தனிப் பெட்டியில் கிடக்கும். அங்கே ஒருமுறை பார்த்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் தொலைந்த ஏதாவது அங்கே வேறு வடிவில் வந்திருக்கலாம்.

கமெண்டுகள் பற்றி. இதைச் சொல்ல வருத்தமாகத்தான் இருக்கிறது. இன்ஸ்டாகிராமில் ஒருவரை பிளாக் செய்த கணமே, அவர் உங்கள் படங்களுக்கும் வீடியோக்களுக்கும் இட்ட லைக்குகளும் கமெண்டுகளும் நீக்கப்பட்டுவிடும். அன்பிளாக் செய்தாலும் அவை திரும்பாது. பல வருடக் கேலியும் வாழ்த்தும் அந்த ஐந்து நிமிடத்திலேயே போய்விட்டன. பிளாக் என்பதைத் திறந்து மூடும் கதவுபோல நினைத்துக்கொள்கிறோம். இன்ஸ்டாகிராமில் அது அழிப்பான். கோபத்தில் அதைத் தொடுவதற்கு முன் இந்த ஒன்றாவது எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

நட்புப் பட்டியலும் அப்படியே இருக்காது. முகநூலில் பிளாக் செய்ததும் நட்பு அறுந்துவிடும். எடுத்த பிறகு புதிதாக நட்பு அழைப்பு அனுப்பித்தான் சேர வேண்டும். இன்ஸ்டாகிராமிலும் எக்ஸிலும் இரு பக்கத்துப் பின்தொடர்தலும் போயிருக்கும். மெசஞ்சரில் சண்டைக்கு முன் பேசிய பழைய உரையாடல், நீங்களாக அழித்திருந்தாலன்றி, இருவர் பெட்டியிலும் இருக்கும். எக்ஸில் இன்னொரு சங்கதி: 2024 நவம்பரில் அவர்கள் விதியை மாற்றினார்கள். அதன் பிறகு, உங்கள் கணக்கு எல்லோருக்கும் திறந்ததாக இருந்தால், பிளாக் செய்யப்பட்டவரும் உங்கள் பதிவுகளைப் படிக்கலாம். பதில் எழுத, மறுபகிர்வு செய்ய, பின்தொடர மட்டும் முடியாது. ஆகவே அங்கே உங்கள் தோழி உங்களை இத்தனை நாளும் படித்திருக்கக்கூடும். அங்கே எழுதியதை அவர் பார்க்கவில்லை என்ற நம்பிக்கையில் பேச்சைத் தொடங்காதீர்கள். அவரைக் குறித்து மறைமுகமாக ஏதாவது எழுதியிருந்தால் அதைப் பற்றி நேராகவே பேசிவிடுங்கள்.

வரிசை என்று கேட்டால் நான் வாட்ஸ்அப்பில் தொடங்கச் சொல்வேன். ஒருவருக்கொருவர் வார்த்தை பேசும் இடம் முதலில். ஒருவரை ஒருவர் வேடிக்கை பார்க்கும் இடங்கள் பிறகு. செட்டிங்ஸில் பிரைவசிக்குள் தடுக்கப்பட்ட தொடர்புகள் என்ற பட்டியல் இருக்கும், அதில் பெயரைத் தொட்டு எடுக்கலாம். அவருடைய எண்ணையே போனிலிருந்து அழித்திருந்தால் மறுபடி சேமியுங்கள். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் ஒருவருக்குத் தெரிய வேண்டுமானால் இருவர் போனிலும் மற்றவர் எண் இருக்க வேண்டும். அது இல்லாமல், ‘என் ஸ்டேட்டஸைக்கூடப் பார்க்கவில்லை’ என்று அடுத்த வருத்தம் தொடங்கிவிடும்.

அவர் பதில் சொல்லி, பேச்சு ஒரு நிலைக்கு வந்த பிறகு இன்ஸ்டாகிராம், எக்ஸ். எல்லாம் ஓய்ந்து, ‘இனி திரும்பப் போடமாட்டேன்’ என்ற தெளிவு வந்தபின் முகநூல். அதற்கு முன் ஒரு சிறு வேலை. முகநூலில் உங்கள் பக்கத்துக்குப் போய், மூன்று புள்ளியைத் தொட்டு, மற்றவர் பார்வையில் காட்டும் தெரிவைத் திறந்து பாருங்கள். நட்பில் இல்லாத ஒருவருக்கு உங்கள் பக்கம் எப்படித் தெரியுமோ அப்படிக் காட்டும். அன்பிளாக் செய்த கணத்தில் உங்கள் தோழி பார்க்கப்போவது அதைத்தான். சங்கடமான பழைய பதிவு ஏதாவது பொதுவில் கிடந்தால் நண்பர்களுக்கு மட்டும் என்று மாற்றுங்கள். ஒவ்வொன்றாக மாற்ற முடியாத அளவுக்கு இருந்தால், பிரைவசி பகுதியில் கடந்தகாலப் பதிவுகளை மொத்தமாக நண்பர்களுக்குச் சுருக்கும் வசதி உண்டு. ஆனால் அதை ஒரே அழுத்தில் பழையபடி திருப்ப முடியாது. ஒவ்வொரு பதிவாகத்தான் திறக்க வேண்டியிருக்கும்.

ஒன்றுக்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். அவரும் உங்களை பிளாக் செய்திருக்கலாம். உங்கள் தடையை எடுத்தால் உங்களுடையது மட்டும்தான் போகும். அவருடையது அப்படியே நிற்கும். இன்ஸ்டாகிராமில் அவர் கிடைக்காவிட்டாலும், வாட்ஸ்அப்பில் ஒற்றை டிக் பல நாள் நீடித்தாலும் அது ஒரு சாத்தியம். உறுதியென்று சொல்ல முடியாது, கணக்கையே மூடியிருக்கலாம். அப்படி இருந்தால் வேறொரு கணக்கிலிருந்தோ பொது நண்பர் வழியாகவோ தட்ட வேண்டாம். நீங்கள் போட்ட தடையை அவர் மதித்து இருந்தார் அல்லவா?

பிளாக் செய்வது பிழை என்று நான் சொல்லவில்லை. தொல்லை தருபவரைத் தடுக்க யாரிடமும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நெருங்கியவரிடம் கோபத்தைத் தெரிவிப்பதற்கு அது மிக மோசமான கருவி, ஏனென்றால் அது எதையுமே தெரிவிப்பதில்லை. அவர் என்றைக்கோ தேடும்போது நீங்கள் காணாமல் போயிருப்பீர்கள், காரணத்தை அவராகவே கற்பனை செய்துகொள்வார். கொஞ்ச நாள் விலகியிருக்க வேண்டும் என்றால் அதற்கு மென்மையான வழிகள் இருக்கின்றன. முகநூலில் ஒருவரின் பதிவுகளை 30 நாளுக்கு நிறுத்திவைக்கலாம். வாட்ஸ்அப்பில் உரையாடலை மியூட் செய்து ஆர்க்கைவில் போட்டுவிடலாம். ‘ஒரு மாதம் என்னை விடு’ என்று ஒரு வரி எழுதிவிட்டு இவற்றைச் செய்தால் எதுவும் அழியாது.

வேலையிடத்து ஆளுக்கு வருவோம். அவருக்குப் பொருத்தமானது இன்ஸ்டாகிராமில் 2019இல் வந்த ரெஸ்ட்ரிக்ட் வசதி. அவர் பக்கத்துக்குப் போய் மூன்று புள்ளியைத் தொட்டால் பிளாக்குக்கு அருகிலேயே இருக்கும். அதைச் செய்தபின் அவர் உங்கள் பதிவில் எழுதும் புதிய கமெண்ட் அவர் கண்ணுக்கு மட்டும் தெரியும். நீங்கள் திறந்து பார்த்து அனுமதித்தால்தான் மற்றவர்களுக்குத் தெரியும். அவர் அனுப்பும் செய்தி வேண்டுகோள் பெட்டிக்குப் போகும். நீங்கள் படித்தீர்களா, இணைப்பில் இருக்கிறீர்களா என்பது அவருக்குத் தெரியாது. தனக்கு ரெஸ்ட்ரிக்ட் போடப்பட்டிருப்பதை அவருக்கு யாரும் சொல்வதில்லை. மறுநாள் காலையில் முகம் பார்க்க வேண்டியவரிடம் இதனால் புதுப் பகை வராது. ஆனால் உங்கள் பதிவுகளை அவர் தொடர்ந்து பார்ப்பார். பழைய கமெண்டுகள் அப்படியே இருக்கும், அவற்றை நீங்கள்தான் நீக்க வேண்டும். அவர் பார்ப்பதே தொந்தரவு என்றால் ரெஸ்ட்ரிக்ட் போதாது.

குத்தல் மிரட்டலாகவோ ஆபாசமாகவோ மாறினால் உடனே பிளாக்தான். ஆனால் பிளாக்கைத் தொடுவதற்கு முன் இரண்டு நிமிடம் செலவழியுங்கள், இன்ஸ்டாகிராமில் அதைத் தொட்டதும் அவருடைய கமெண்டுகள் போய்விடும் என்று மேலே சொன்னேன் அல்லவா, சாட்சியமும் அவற்றோடு போகும். ஒவ்வொரு கமெண்டையும் தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அவர் பக்கத்தின் முகவரி இணைப்பைக் காப்பி செய்து வையுங்கள். காட்டும் பெயரை மாற்றிக்கொள்ளலாம் என்பதால் பெயர் மட்டும் போதாது. அதன்பின் ரிப்போர்ட், கடைசியாக பிளாக். இன்ஸ்டாகிராம் பிளாக்கில் அந்தக் கணக்கோடு, அவர் வைத்திருக்கும் அல்லது புதிதாகத் தொடங்கும் கணக்குகளையும் சேர்த்துத் தடுக்கும் தெரிவு வரும், அதைத் தேர்ந்தெடுங்கள். வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட் செய்தால் அவரிடமிருந்து வந்த கடைசி ஐந்து செய்திகள் நிறுவனத்துக்குப் போகும். அங்கே உரையாடலை அழிக்கும் தெரிவும் சேர்ந்து வரக்கூடும், வாசித்துவிட்டு அழுத்துங்கள்.

பிளாக் செய்தபின்னும் ஓட்டைகள் உண்டு. வாட்ஸ்அப்பில் இருவரும் ஒரே குழுவில் இருந்தால் ஒருவர் எழுதுவது மற்றவருக்குத் தெரிந்துகொண்டுதான் இருக்கும், அலுவலகக் குழுவில் இது கட்டாயம் நடக்கும். மெசஞ்சரில் மட்டும் பிளாக் செய்தால் முகநூலில் அவர் நண்பராகவே தொடர்வார்.

தோழி விஷயத்தில் கடைசியாக ஒன்று. முகநூலில் நட்பு அழைப்பு அனுப்பியபின் அவர் ஏற்கத் தாமதித்தால், அதை ரத்து செய்து மறுபடி அனுப்பாதீர்கள். ஒவ்வொரு முறையும் அவருக்குப் புதிய அறிவிப்பு போகக்கூடும். ஒன்றை அனுப்பிவிட்டு அப்படியே விட்டுவிடுங்கள். அவர் ஏற்கும்வரை அல்லது நீக்கும்வரை அது அங்கேயே இருக்கும்.

அன்புடன்.