பள்ளிக்கு வர வேண்டிய பணம்: பெற்றோர் கேட்டவை

வேலூர் மாவட்டத்து அரசுப் பள்ளி அலுவலகங்களில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன் நான். தங்கள் ஊர் உயர்நிலைப் பள்ளிக்கு நியாயமான நிதி கேட்டு அலைகிற பெற்றோர்கள் அனுப்பிய கேள்விகளில் சில, பதில்களோடு.

கேள்வி (அணைக்கட்டு பக்கம், பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி): எங்கள் பள்ளியில் 980 பிள்ளைகள். பக்கத்து ஊரில் 260 பேர்தான். இரண்டுக்கும் ஆண்டு மானியம் ஒன்றே என்கிறார் தலைமை ஆசிரியர். உண்மையா ஐயா?

உண்மைதான் அம்மா. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் மானியம் தலைக்கு இவ்வளவு என்று வருவதில்லை. 101 முதல் 250 பிள்ளைகள் வரை 50,000 ரூபாய், 251 முதல் 1,000 வரை 75,000, அதைத் தாண்டினால் 1 லட்சம். பக்கத்து ஊரில் ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 288 ரூபாய் விழுகிறது, உங்களிடம் 76 சொச்சம். சாக்பீஸ், துடைப்பம், குழாய் ரிப்பேர் எல்லாம் இதற்குள்தான். பத்தில் ஒரு பங்காவது தூய்மைப் பணிக்கு என்பது விதி. அந்தக் குறைந்தபட்சக் கணக்குப்படி 7,500 ரூபாய். 980 பேர் போகிற கழிவறைக்கு அதை வைத்துக்கொண்டு ஆண்டு முழுக்க பினாயில் வாங்கிப் பார்க்கட்டும், இந்த வரம்பைப் போட்டவர்கள்!

வரம்பை நாம் மாற்ற முடியாது. ஆனால் 980 என்பது சரியான எண்ணா என்று பாருங்கள். டி.சி. வாங்கி வந்த பிள்ளையைப் பழைய பள்ளி எமிஸில், அதாவது கல்வித் துறையின் இணையப் பதிவேட்டில், விடுவித்து காமன் பூல் என்கிற பொதுப் பட்டியலுக்குத் தள்ளினால்தான் உங்கள் பள்ளியில் ஏற்ற முடியும். தள்ளாவிட்டால் பிள்ளை வகுப்பில் இருக்கும், கணக்கில் இருக்காது. வருகைப் பதிவேட்டையும் எமிஸ் பட்டியலையும் பக்கத்தில் வைத்து வகுப்பு வகுப்பாக ஒப்பிடச் சொல்லுங்கள். விடுபட்டவர்கள் 21 பேர் இருந்தால் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டும், மானியம் 25,000 கூடும்.

கேள்வி (குடியாத்தம், ஒரு தந்தை): பத்தாம் வகுப்புக்கு கணக்கு வாத்தியார் இல்லை. மனு கொடுத்தால் "பரிசீலனையில் உள்ளது" என்றே பதில் வருகிறது.

மனுவில் என்ன எழுதினீர்கள்? "ஆசிரியர் வேண்டும்" என்று மட்டும் இருந்தால் அப்படித்தான் பதில் வரும். பணியிடம் இருந்து ஆள் இல்லையா, பணியிடமே இல்லையா என்பதை முதலில் கண்டுபிடியுங்கள். இரண்டும் வேறு வேறு நோய். ஆண்டுதோறும் ஆகஸ்ட் 1 அன்று இருக்கிற மாணவர் எண்ணிக்கையை வைத்துத்தான் பணியாளர் நிர்ணயம் நடக்கிறது. 40 பேருக்கு ஓர் ஆசிரியர் என்பது பொதுக் கணக்கு. எண்ணிக்கை குறைந்தால் பணியிடம் உபரியாகி வேறு ஊருக்குப் போய்விடும். அதனால் ஜூலைக்குள் சேர்க்கையை முடித்து எமிஸில் ஏற்றிவிட வேண்டும்.

பணியிடம் இருந்து காலியாக இருந்தால், மேலாண்மைக் குழு மூலம் தற்காலிக ஆசிரியர் வைக்க 2022-லேயே அரசு வழி செய்தது. பட்டதாரி ஆசிரியருக்கு 10,000 என்று தொடங்கி 15,000 ஆக்கினார்கள். அப்புறம் இன்னொன்று: உங்கள் ஆசிரியர் மாற்றுப்பணியில் வேறு பள்ளிக்குப் போயிருக்கிறாரா என்று கேளுங்கள். சம்பளப் பட்டியலில் பெயர் இங்கே இருக்கும், பாடம் அங்கே நடக்கும்.

கேள்வி (காட்பாடி): மரத்தடியில் இரண்டு வகுப்பு நடக்கிறது. ஒன்றிய அலுவலகத்துக்கு நடந்து நடந்து அலுத்துவிட்டது.

தவறான வாசலில் நிற்கிறீர்கள். ஒன்றிய அலுவலகம் ஊராட்சி ஒன்றியத் தொடக்க, நடுநிலைப் பள்ளிகளுக்கு. உயர்நிலைப் பள்ளிக் கட்டடம் என்றால் முதன்மைக் கல்வி அலுவலர் வழியாக, ஊரக வளர்ச்சி வங்கியான நபார்டின் கடன் திட்டப் பட்டியலில் பெயர் ஏற வேண்டும். சட்டமன்ற உறுப்பினருக்கு ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் தொகுதி நிதி உண்டு, அதிலும் கேளுங்கள். சுற்றுச்சுவர், கழிவறை போன்றவற்றுக்கு நமக்கு நாமே திட்டம் ஒத்துவரும். மூன்றில் ஒரு பங்கை ஊர் போட்டால் மீதியை அரசு போடும். ஆதிதிராவிடர் குடியிருப்பு என்றால் ஐந்தில் ஒரு பங்கு போதும். முன்னாள் மாணவர்களைப் பிடியுங்கள். பழைய கட்டடம் ஆபத்தாக இருந்தால் பொதுப்பணித் துறைப் பொறியாளரின் சான்று அவசியம். அது இல்லாமல் இடிக்கவும் முடியாது, புதிதாகக் கேட்கவும் முடியாது.

கேள்வி: டில்லி பணம் தரவில்லை என்கிறார்களே, அதனால்தான் எல்லாம் நிற்கிறதா?

பி.எம்.ஸ்ரீ என்கிற ஒன்றிய அரசின் மாதிரிப் பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்து போடாததால், முதலில் சொன்ன ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் 2024-25க்கான 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்தியது, 2025 மே மாதம் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. இது பெரிய அடிதான். ஆனால் உங்கள் பள்ளியின் உடைந்த குழாய் அதற்கு முன்பே உடைந்திருந்தால் அந்தக் காரணத்தை ஏற்காதீர்கள்.

கேள்வி (பேரணாம்பட்டு, ஒரு தாய்): தலைமை ஆசிரியரே "வம்பு எதுக்கு" என்கிறார்.

அவர் அரசு ஊழியர் அம்மா, கொடி பிடிக்க முடியாது. நீங்கள் பிடிக்கலாம். அவரை எதிர்த்து நிற்காமல், பள்ளிக்கு வேண்டியதைக் கேட்டு அவர் மேலே அனுப்பிய பழைய கருத்துருக்களின் நகலைக் கேளுங்கள். நிறைய பேர் எழுதி எழுதி ஓய்ந்தவர்கள், மகிழ்ந்து தருவார்கள். மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு பெற்றோர் செயலியிலும் ஏற்றச் சொல்லுங்கள். அதே தீர்மானத்தை ஆகஸ்ட் 15 அல்லது அக்டோபர் 2 கிராம சபையிலும் நிறைவேற்றுங்கள். இரண்டு நகலோடும் திங்கட்கிழமை சத்துவாச்சாரி ஆட்சியர் அலுவலகக் குறைதீர்வு நாளுக்குப் போனால் அது ஊரின் மனு. மனு எண் வாங்காமல் பஸ் ஏறாதீர்கள்.

கேள்வி (வாலாஜா பக்கம்): நாங்களும் சத்துவாச்சாரிக்கே வரலாமா?

வேண்டாம். 2019-லேயே மாவட்டம் பிரிந்துவிட்டது, உங்களுக்கு ராணிப்பேட்டைதான்.

கேள்வி: வந்த மானியத்தை எப்படிச் செலவு செய்தார்கள் என்று யாரும் சொல்வதில்லை.

குழுவில் கேளுங்கள், அது அவர்கள் வைக்க வேண்டிய கணக்கு. வைக்கவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டம். வெள்ளைத்தாளில் எழுதி 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். "நிதி விவரம் தருக" என்று மொட்டையாக எழுதாதீர்கள். எந்த ஆண்டு, எந்தத் தலைப்பு, வந்த தொகை, செலவுச் சீட்டு நகல், பயன்பாட்டுச் சான்று என்று தனித்தனியாகக் கேளுங்கள். தபால் ரசீதைப் பத்திரமாக வையுங்கள், மேல்முறையீட்டுக்கு அது வேண்டும்.